மருந்தில்லாத நோயை அடக்கியது எது?

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று என்னைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம் தொத்து வியாதியைப் பற்றியது. நான் டாக்டர் அல்ல. 2020-ஆம் வருஷத்தில் உங்களைப் போலவே வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்து, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு கடைக்குப் போய் வந்தவன்தான் நானும். ஆகையால் வைத்தியம் சொல்ல நான் வரவில்லை. நடந்த சங்கதிகளைப் படித்துத் தெரிந்துகொண்டு, அவற்றிலிருந்து நம் அறிவுக்கு என்ன படுகிறது என்று உங்களோடு சேர்ந்து யோசித்துப் பார்ப்பதற்கே வந்திருக்கிறேன்.

கொரோனா என்றவுடன் உங்களுக்கெல்லாம் 2020-தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அதற்குப் பதினேழு வருஷங்களுக்கு முன்பே, அதே குலத்தைச் சேர்ந்த இன்னொரு கிருமி உலகத்தைப் பயமுறுத்திவிட்டுப் போயிருக்கிறது. அந்த வியாதிக்கு சார்ஸ் என்று பெயர் வைத்தார்கள். 2002 நவம்பரில் தொடங்கிய அந்த வியாதி 29 நாடுகளில் 8,096 பேரைப் பிடித்து 774 பேரைக் கொன்றது. பத்துப் பேருக்கு வந்தால் ஒருவர் பிழைக்கமாட்டார் என்கிற அளவுக்குக் கொடிய வியாதி. அப்படிப்பட்டதை 2003 ஜூலை மாதம் 5-ந் தேதி அடக்கியாகிவிட்டது என்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது.

எட்டே மாதம்! இதிலுள்ள அதிசயம் என்னவென்றால், அந்த நோய்க்கு அன்று மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. மருந்தில்லாத நோய் பின் எதனால் அடங்கிற்று? யாகம் செய்தார்களா? பொங்கல் வைத்தார்களா? சாமிக்குக் கூழ் ஊற்றினார்களா? ஒன்றும் இல்லை. ஆகவே எது அடக்கிற்று என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

எங்கிருந்து வந்தது?

முதலில் நோய் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். கொரோனா என்றால் லத்தீன் பாஷையில் கிரீடம் என்று அர்த்தம். பெரிதாக்கிக் காட்டும் கருவியில் வைத்துப் பார்த்தால் அந்தக் கிருமியைச் சுற்றிலும் முள் முள்ளாகக் கிரீடம் வைத்ததுபோல் தெரியும். அதனால் அந்தப் பெயர். கிரீடம் வைத்திருக்கிறதே ஒழிய, அது தேவதையும் அல்ல, தேவதையின் ஏவலாளும் அல்ல. தானாகப் பெருகக்கூட சக்தியில்லாதது. ஒரு உயிரின் உடம்புக்குள் புகுந்தால்தான் பெருகும்.

சீன தேசத்தின் தெற்கே குவாங்டாங் என்று ஒரு மாகாணம் இருக்கிறது. அங்கே காட்டு மிருகங்களை உயிரோடு கூண்டுகளில் அடைத்துச் சந்தையில் விற்பது வழக்கமாக இருந்தது. ஒரு கூண்டின்மேல் இன்னொரு கூண்டு, அதன்மேல் இன்னொன்று. மேல் கூண்டிலுள்ள மிருகத்தின் மலஜலம் கீழ்க் கூண்டில் விழும். காட்டில் ஒன்றையொன்று பார்த்தே இராத மிருகங்கள் இங்கே ஒன்றின் மூச்சை ஒன்று வாங்கிக்கொண்டு கிடக்கும். 2003 மே மாதத்தில் இப்படிப்பட்ட ஒரு சந்தையிலிருந்த மரநாய் இனத்து மிருகங்களைச் சோதித்தபோது, மனிதரைப் பிடித்த கிருமியைப் போலவே ஏறக்குறைய அப்படியே ஒரு கிருமி அவற்றினிடம் இருந்தது. மிருகங்களைக் கையாளும் வியாபாரிகள் சிலருடைய இரத்தத்திலும் அந்தக் கிருமி வந்துபோன அடையாளம் தெரிந்தது.

சரி, மரநாய்தான் குற்றவாளி என்று 2004 ஜனவரியில் ஆயிரக்கணக்கான மரநாய்களைக் கொன்றார்கள். ஆனால் ஆராய்ச்சி செய்தவர்கள் அத்தோடு நிற்கவில்லை. மரநாய்க்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். 2005-இல், மூக்கு லாடம்போல் இருக்கிற ஒருவகை வௌவாலிடம் அந்தக் கிருமிக் குலம் குடியிருக்கிறதென்று கண்டார்கள். 2017-இல் யூனான் மாகாணத்துக் குகை ஒன்றிலிருந்த வௌவால்களிடம் சார்ஸ் கிருமியின் பாகங்கள் எல்லாம் தனித்தனியே இருப்பதைக் கண்டு எழுதினார்கள். பாருங்கள்! நோய் அடங்கிப் பதினான்கு வருஷம் ஆன பிறகும் விடாமல் தேடியிருக்கிறார்கள். நம் ஊர்ப் பூசாரி என்ன செய்வார்? உடுக்கையை அடித்த அரை மணியில், "ஆத்தாளுக்குக் கோபம்" என்று காரணம் சொல்லிவிடுவார். அரை மணியில் கிடைத்த காரணம் ஆயிரம் வருஷமாக ஒரு குழந்தையையும் காப்பாற்றவில்லை. பதினான்கு வருஷம் தேடிக் கிடைத்த காரணம், எந்தச் சந்தையை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லுகிறது.

இங்கே இன்னொரு சங்கதியும் சொல்ல வேண்டும். 2020-இல் நம் நாட்டில் சிலர், "மாமிசம் தின்றவர்களுக்குக் கிடைத்த தண்டனை இது" என்று பேசினார்கள். மாமிசம் தின்பதுதான் காரணம் என்றால், பக்கத்து வங்காள தேசத்தில் நிபா என்ற கொடிய வியாதி எப்படி வருகிறது? பேரீச்சை இனத்து மரத்தைச் சீவிப் பானை கட்டுகிறார்கள். இராத்திரியில் வௌவால் வந்து பானையை நக்கி மூத்திரமும் பெய்துவிட்டுப் போகிறது. காலையில் அந்தச் சாற்றைக் காய்ச்சாமல் குடிக்கிறவர்களுக்கு வருகிறது. மரத்துச் சாறு மாமிசமா? அங்கே பானைக்கு ஒரு மூங்கில் தட்டி கட்டி மூடினால் வௌவால் வாய்வைக்க முடியாது என்று கண்டுபிடித்தார்கள். எதைத் தின்கிறாய் என்பதல்ல கேள்வி. மிருகத்தின் எச்சில் மனிதனுக்கு எப்படி வந்தது என்பதே கேள்வி. இந்தக் கேள்வியைக் கேட்டவனுக்குத் தட்டி கட்டத் தோன்றிற்று. தண்டனை என்று சொன்னவனுக்கு என்ன தோன்றிற்று?

மூடி வைத்தது யார்?

இனி, எப்படிப் பரவிற்று என்று பாருங்கள். 2002 நவம்பரில் குவாங்டாங் மாகாணத்தில் முதல் நோயாளிகள் வந்தார்கள். டாக்டர்கள் இது புதுமாதிரியாக இருக்கிறதென்று மேலிடத்துக்கு எழுதினார்கள். அந்த அறிக்கைக்கு "இரகசியம்" என்று முத்திரை போட்டார்கள். வியாதி இரகசியமாக இருக்குமா? ஜனங்கள் வாய்க்கு வாய் பேசிக்கொண்டார்கள். என்ன நோய், எப்படித் தொத்துகிறது என்று சொல்லுவாரில்லாததால், காடியைக் கொதிக்கவைத்து வீட்டில் ஆவி பிடித்தால் நோய் வராது என்று ஒரு வதந்தி கிளம்பிற்று. காடிப் புட்டியின் விலை பல மடங்கு ஏறிற்று. அந்த ஜனங்களை நாம் கேலி செய்யக்கூடாது. உண்மையை மறைத்தால் அந்த இடத்தில் வதந்திதான் வந்து உட்காரும். மூட நம்பிக்கையை வளர்ப்பவன் பூசாரி மட்டும் அல்ல. தகவலைப் பூட்டிவைக்கும் அதிகாரியும்தான்.

2003 பிப்ரவரி 11-ந் தேதிதான், 305 பேருக்கு நோய், 5 பேர் சாவு என்று வெளியுலகத்துக்குச் சொன்னார்கள். பத்து நாள் கழித்து, அதே மாகாணத்தில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மருத்துவப் பேராசிரியர் கலியாணத்துக்காக ஹாங்காங் போய் ஒரு ஓட்டலின் ஒன்பதாவது மாடியில் தங்கினார். அவருக்கே காய்ச்சல் கண்டிருந்தது. அந்த மாடியில் தங்கியவர்களும் நடமாடியவர்களுமாக ஒரு டஜன் பேருக்கு மேல் தொத்திற்று. அவர்களில் ஒரு மூதாட்டி கனடா தேசத்து டோரண்டோ நகரத்துக்குப் போனார். ஒரு இளம்பெண் சிங்கப்பூருக்குப் போனார். ஒரு வியாபாரி வியத்நாம் தேசத்து ஹனோய்க்குப் போனார். ஒருவர் ஹாங்காங் ஆஸ்பத்திரி ஒன்றிலேயே படுத்தார். இப்படி ஒரு ஓட்டல் மாடியிலிருந்து ஆகாய விமானம் ஏறிக் கண்டம் விட்டுக் கண்டம் போய்விட்டது.

அந்தப் பேராசிரியரையோ, அந்த மூதாட்டியையோ நாம் குற்றம் சொல்ல முடியுமா? தங்களைப் பிடித்திருப்பது இன்னதென்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. ஆகவே கிருமிக்கு விமான டிக்கட்டு வாங்கிக் கொடுத்தது மௌனம்தான் என்று நான் சொல்லுவேன்.

சொன்னவர்கள் இருவர்

ஹனோய் ஆஸ்பத்திரிக்கு வந்த அந்த வியாபாரியைப் பார்த்து டாக்டர்கள் திகைத்தார்கள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் டாக்டர் ஒருவர் அந்த ஊரில் இருந்தார். கார்லோ உர்பானி என்று பெயர், இத்தாலிக்காரர், 46 வயது, மூன்று குழந்தைகளுக்குத் தகப்பன். அவரைக் கூப்பிட்டார்கள். தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனார். மாதிரிகளை எடுத்து அனுப்பினார். நோயாளிகளைத் தனியே வைக்கச் சொன்னார். இது சாதாரண விஷயமல்ல என்று மேலிடத்துக்கு எழுதினார். மார்ச் 9-ந் தேதி வியத்நாம் சுகாதார அதிகாரிகளோடு உட்கார்ந்து பேசி, இதை ஒளிக்காமல் வெளியிலிருந்து உதவி வரவழைக்க வேண்டும் என்று ஒப்புக்கொள்ளச் செய்தார்கள். அவர்களும் "நாட்டுக்குக் கெட்ட பெயர் வருமே, வியாபாரம் கெடுமே" என்று மூடி மறைக்காமல் ஒப்புக்கொண்டார்கள். மார்ச் 12-ந் தேதி உலகம் முழுவதற்கும் எச்சரிக்கை போயிற்று.

பலன் என்ன? வியத்நாம் பணக்கார தேசம் அல்ல. அங்கே நோய் வந்தது 63 பேருக்கு. இறந்தது 5 பேர். ஏப்ரல் 28-ந் தேதி, உலகத்திலேயே முதன்முதலாக இந்த நோயை ஒழித்த நாடு என்று வியத்நாமைத்தான் அறிவித்தார்கள். ஆனால் அந்தச் செய்தியைக் கேட்க உர்பானி இல்லை. அவருக்கும் நோய் தொத்தி, மார்ச் 29-ந் தேதி பாங்காக்கில் இறந்துபோனார். நமக்குப் புராணங்களில் எத்தனையோ பேரைத் தெய்வம் என்றும் ரிஷி என்றும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பிறர் பிள்ளைகளுக்காகத் தன் பிள்ளைகளைவிட்டுச் செத்த இந்த மனிதரின் பெயரை எந்தப் பள்ளிக்கூடத்திலாவது நமக்குச் சொல்லிக்கொடுத்தார்களா?

இன்னொருவர் பீக்கிங் நகரத்துக்காரர். ஏப்ரல் 3-ந் தேதி சீன சுகாதார மந்திரி பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, தலைநகரில் 12 பேருக்குத்தான் நோய், 3 பேர்தான் சாவு, பயமில்லை என்று சொன்னார். ஜியாங் யான்யோங் என்ற 71 வயது டாக்டர் அதை டெலிவிஷனில் பார்த்தார். அவர் பட்டாள ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரே ஒரு ஆஸ்பத்திரியிலேயே 60 நோயாளிகள் கிடப்பதாகத் தம் சிநேகிதர்கள் மூலம் அவருக்குத் தெரியும். உடனே தம் பெயரையே போட்டுக் கடிதம் எழுதினார். உள்ளூர் டெலிவிஷன்காரர்கள் வெளியிடவில்லை. ஏப்ரல் 8-ந் தேதி ஒரு அமெரிக்கப் பத்திரிகை வெளியிட்டது. ஏப்ரல் 20-ந் தேதி மந்திரிக்கும் நகர மேயருக்கும் வேலை போயிற்று. அன்றைக்கே பீக்கிங் நகரத்து நோயாளிகளின் கணக்கு 37 என்றிருந்தது 339 ஆயிற்று!

தோழர்களே! ஒரே நாளில் முந்நூறு பேருக்கு நோய் வந்துவிட்டதா? இல்லை. ஒரே நாளில் வந்தது நோயல்ல, உண்மை. உண்மை வெளிவந்த பிறகு வேலை எப்படி நடந்தது பாருங்கள்: ஊருக்கு வெளியே ஏறக்குறைய ஆயிரம் படுக்கை போடக்கூடிய ஆஸ்பத்திரியை ஏழு நாளில் கட்டினார்கள். பள்ளிக்கூடங்களை மூடினார்கள். நோயாளியோடு பழகினவர்களைத் தேடிப் பிடித்துத் தனியே வைத்தார்கள். ஜூன் மாதத்துக்குள் பீக்கிங்கில் நோய் ஓய்ந்தது. ஏழு நாளில் ஆஸ்பத்திரி கட்டக்கூடிய அதே சர்க்கார்தான் அதற்கு முன் பல மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தது. பலமில்லாமல் அல்ல, உண்மையை ஒப்புக்கொள்ள மனமில்லாமல்.

அந்த டாக்டருக்கு 2004-இல் மகசாசே பரிசு கிடைத்தது. அவருடைய தேசத்துச் சர்க்கார் கொடுத்தது என்ன? அதே 2004-இல், வேறொரு உண்மையை எழுதியதற்காகக் காவலில் வைத்தது! 2023-இல் அவர் காலமானார்.

எப்படி அடக்கினார்கள்?

அடக்கிய முறையில் மந்திரம் ஒன்றும் இல்லை. நோயாளியைக் கண்டுபிடி, தனியே வை, அவரோடு பழகினவர்களைத் தேடு, அவர்களைப் பத்து நாள் பார், பார்த்துக்கொள்ளும் நர்சுக்கு முகமூடியும் கையுறையும் கொடு. இவ்வளவுதான். சிங்கப்பூரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் காய்ச்சல் பார்க்கும் கருவி கொடுத்து, தினமும் இரண்டு தடவை பார்க்கச் சொன்னார்கள்.

ஹாங்காங்கில் ஒரு பெரிய மாடிக் குடியிருப்பில் முந்நூறு பேருக்கு மேல் ஒரே சமயத்தில் நோய் வந்தது. நம் ஊராக இருந்தால் வாஸ்து சரியில்லை, பிரேதக் குற்றம் என்று சொல்லியிருப்பார்கள். அங்கே என்ன செய்தார்கள்? குடியிருந்தவர்களை வேறிடத்துக்கு மாற்றிவிட்டுச் சாக்கடைக் குழாயைச் சோதித்தார்கள். குளிக்கும் அறையின் தரையிலுள்ள தண்ணீர்ப் போக்கியில் வளைந்த குழாய் ஒன்று இருக்கும். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று, கீழேயிருந்து வரும் கெட்ட காற்றைத் தடுக்க வேண்டும். பல வீடுகளில் தரையைக் கழுவாமல் துடைத்துவந்ததால் அந்தத் தண்ணீர் வற்றிப்போயிருந்தது. காற்றை வெளியே தள்ளும் விசிறியைப் போட்டால், வற்றிய குழாய் வழியாக நோயாளியின் மலத்திலிருந்த கிருமி மேலே இழுக்கப்பட்டு வீட்டுக்குள் வரும். இப்படித்தான் பரவியிருக்க வேண்டும் என்று கண்டார்கள். பிரேதக் குற்றத்துக்குப் பரிகாரம் செய்தால் பத்தாயிரம் ரூபாய் ஆகும். இதற்குப் பரிகாரம் குழாயில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவது!

இதில் யார் செத்தார்கள் என்பதையும் நினைக்க வேண்டும். நோய் வந்தவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் டாக்டர்களும் நர்சுகளும் ஆஸ்பத்திரி ஊழியர்களும்தான். உண்மையை ஒளித்ததனால் முதலில் செத்தவர்கள் அவர்களே. வந்திருப்பவர் எந்த நோயாளி என்று தெரியாமல் வெறுங்கையோடு அவரைத் தொட்டார்கள்.

விஞ்ஞானிகள் தவறே செய்யாதவர்கள் என்றும் நான் சொல்லவில்லை. சார்ஸ் அடங்கிய பிறகு சிங்கப்பூர், தைப்பே, பீக்கிங் ஆகிய ஊர்களில் ஆராய்ச்சிச் சாலைகளிலேயே கவனக்குறைவினால் கிருமி தொத்திற்று. 2004-இல் பீக்கிங் ஆராய்ச்சிச் சாலையிலிருந்து ஒன்பது பேருக்குப் பரவி ஒருவர் இறந்தார். விஞ்ஞானத்தின் பெருமை தவறே செய்யாதது அல்ல. தவறை எழுதிவைத்துத் திருத்திக்கொள்வதுதான்.

அடுத்தது வந்தபோது

இவ்வளவு பாடம் படித்தபின், 2019 டிசம்பரில் ஊகான் நகரத்தில் சார்ஸின் தம்பி வந்தான். என்ன நடந்தது? லி வென்லியாங் என்ற கண் டாக்டர், சார்ஸ் மாதிரி ஒரு நோய் வந்திருக்கிறது, ஜாக்கிரதை என்று டிசம்பர் 30-ந் தேதி தம் கூட்டாளி டாக்டர்களுக்குச் செய்தி அனுப்பினார். ஜனவரி 3-ந் தேதி போலீசார் கூப்பிட்டு, வதந்தி பரப்பினதாகக் கண்டித்துக் கையெழுத்து வாங்கினார்கள். பிப்ரவரி 7-ந் தேதி அதே நோயில் அவர் இறந்தார். மார்ச் மாதத்தில் கண்டனத்தை வாபஸ் வாங்கினார்கள். செத்தவர் எழுந்து வந்து அந்த வாபஸை வாங்கிக்கொள்ளவா போகிறார்?

இந்தத் தம்பி அண்ணனைவிடத் தந்திரசாலி. சார்ஸ் பிடித்தவர் படுத்துக் கிடந்து இரண்டாவது வாரத்தில்தான் அதிகமாகப் பரப்புவார். ஆகவே படுத்தவரைத் தனியே வைத்தால் போதும். கோவிட் பிடித்தவரோ, தமக்கு நோய் என்று தெரிவதற்கு முன்பே, சிரித்துப் பேசிக்கொண்டே பரப்புவார். அதனால்தான் இதை எட்டு மாதத்தில் அடக்க முடியவில்லை. தடுப்பூசி வர வேண்டியிருந்தது. 2021 ஜனவரி 16-ந் தேதி நம் நாட்டில் போடத் தொடங்கினார்கள். 2023 மே 5-ந் தேதிதான் அவசர நிலை முடிந்ததென்று அறிவித்தார்கள். இந்தக் கிருமி மனிதரிடம் வந்த வழி இன்னும் முடிவாக நிலைநாட்டப்படவில்லை. மிருகத்திடமிருந்து வந்தது என்பதற்கே சாட்சியம் அதிகம் என்கிறார்கள். ஆராய்ச்சிச் சாலையைப் பற்றிய சந்தேகத்தைத் தீர்ப்பதற்கு வேண்டிய தஸ்தாவேஜுகளைச் சீனச் சர்க்கார் முழுதும் கொடுக்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுவதுதான் அறிவு. ஆனால் தெரியாமல் இருப்பதற்குக் காரணம் யார் என்று கேட்பதும் அறிவுதான்.

பிறத்தியாரைச் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிடலாமா? நம் நாட்டில் 2020 மார்ச்சில் டில்லியில் கூட்டம் போட்டுப் பசு மூத்திரம் குடித்தார்கள். 2021-இல் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் ஒரு மடத்தில் "கொரோனா தேவி" என்று சிலையே செய்துவைத்துப் பூசை போட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் பிராணவாயுவுக்கு ஜனங்கள் தவித்த அதே வருஷம் ஏப்ரலில், ஹரித்துவாரத்தில் லட்சக்கணக்கான பேர் கும்பமேளாவில் முழுகினார்கள். கொரியா தேசத்தில் ஒரு கிறிஸ்தவச் சபையின் பிரார்த்தனையில் பரவிற்று. டில்லியில் முஸ்லிம்களின் ஒரு மதக் கூட்டத்தில் பரவிற்று. அதைச் சாக்காக வைத்து, தெருவில் காய்கறி விற்ற ஏழை முஸ்லிமை அடித்து விரட்டினார்கள். கூட்டம் போட்டால் நோய் பரவும். எந்தச் சாமி பேரில் கூட்டம் என்று கிருமி பார்ப்பதில்லை, பார்க்கிறவன் மனிதன்தான்.

தொடாதே என்பதில் இரண்டு

இன்னொரு அக்கிரமமான பேச்சைக் குறித்துச் சொல்ல வேண்டியது என் கடமை. கொரோனாவின்போது, "பார்த்தீர்களா! எட்டி நில், தொடாதே என்று எங்கள் பெரியவர்கள் ஆசாரமாக வைத்தது விஞ்ஞானந்தான்" என்று சிலர் எழுதினார்கள். நான் கேட்கிறேன்: இரண்டும் ஒன்றா? நோய்க்காக விலக்கி வைப்பது நோய் உள்ளவரை. பத்து நாளோ பதினான்கு நாளோ ஆனால் கட்டிக்கொள்ளலாம். சாதிக்காக விலக்கி வைப்பது பிறந்த நாள் முதல் சாகிற நாள் வரை, செத்தபின் சுடுகாட்டிலும்! முன்னது மந்திரியானாலும் தோட்டியானாலும் நோய் கண்டவர் யாவருக்கும் உண்டு. பின்னது ஆரோக்கியமாக இருப்பவனுக்குத்தான். முன்னதில், விலக்கி வைக்கப்பட்டவரிடம் டாக்டரும் நர்சும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிட்டே போகிறார்கள். பின்னதில் தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்கவும் எவரும் கிட்டே போகமாட்டார்கள். முன்னது காப்பாற்ற, பின்னது இழிவுபடுத்த. விஞ்ஞானம் என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாலும் தீண்டாமை தீண்டாமைதான்.

அந்த இரண்டு வருஷமும் தெருவைக் கூட்டி, நோயாளியின் அழுக்குத் துணியை எடுத்து, பிணங்களை எரித்தவர்கள் யார்? யாரைத் தொடாதே என்றார்களோ அவர்கள்தான். அவர்களுக்கு முகமூடியும் கையுறையும் கேட்டு எத்தனை ஆசாரக்காரர்கள் எழுதினார்கள்?

நாமும் வெட்கப்பட வேண்டிய சங்கதி ஒன்றுண்டு. 2020 ஏப்ரலில் சென்னையில், நோயாளிகளுக்கு வைத்தியம் செய்து அந்த நோயாலேயே இறந்த ஒரு டாக்டரின் உடலைப் புதைக்கக் கொண்டுபோனபோது, ஜனங்கள் கூடிக் கல்லாலும் கட்டையாலும் அடித்து விரட்டினார்கள். கூட வந்தவர்கள் இரத்தம் ஒழுக ஓடினார்கள். ஒரு சக டாக்டர் இராத்திரியில் திரும்பி வந்து, தம் கையாலேயே மண்ணைத் தள்ளி மூடினார். அடித்தவர்கள் கெட்டவர்கள் அல்ல, பயந்தவர்கள். ஆழப் புதைத்த பிணத்திலிருந்து அந்தக் கிருமி பரவாது என்று அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லுவாரில்லை. அறியாமை ஒரு நல்ல மனிதனைக் கல்லெறிய வைக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே! அடுத்த கிருமி வராது என்று எவரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. வௌவாலும் இருக்கும், சந்தையும் இருக்கும், விமானமும் பறக்கும். ஆகவே வந்தால் நாம் என்ன செய்வது?

முதலாவது, நோய் கண்டால் மறைக்காதீர்கள். நோய் பாவத்தின் சம்பளம் அல்ல. வெட்கப்படவேண்டிய விஷயமும் அல்ல. பக்கத்து வீட்டில் நோய் என்றால் வேலி கட்டுவதோடு நில்லாமல், வாசலில் அரிசியையும் பருப்பையும் வையுங்கள். அடைபட்டவனுக்குச் சோறு இல்லையென்றால் அவன் வெளியே வரத்தான் செய்வான். 2020 மார்ச் 24-ந் தேதி இராத்திரி எட்டு மணிக்குச் சொல்லி நடுராத்திரியில் நாடு முழுவதும் கதவடைத்தபோது, கூலிக்காரர்கள் பிள்ளைகுட்டிகளோடு நூற்றுக்கணக்கான மைல் நடந்தார்களே, அது எதனால்? அடங்காத புத்தியாலா, சோறில்லாமலா?

இரண்டாவது, சர்க்காரைப் பார்த்துக் கணக்குக் கேளுங்கள். 2020, 2021 ஆகிய இரண்டு வருஷத்தில் கோவிட்டினால் இறந்தவர்கள் சுமார் 4 லட்சத்து 80 ஆயிரம் பேர் என்று இந்திய சர்க்கார் கணக்கு. அந்த இரண்டு வருஷத்தில், வழக்கமான சாவுக்குமேல், நேராகவும் மறைமுகமாகவும் சுமார் 47 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2022 மே மாதம் மதிப்புப் போட்டது. சர்க்கார் அந்த மதிப்பை ஒப்புக்கொள்ளவில்லை. நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் இரண்டுக்கும் நடுவே நாற்பது லட்சத்துக்கு மேல் வித்தியாசம் நிற்கிறதே, அது எண்ணா, மனிதர்களா? ஊர் ஊராகச் சாவுப் பதிவைத் திறந்து காட்டுங்கள் என்று கேட்க, செத்தவன் மகனுக்கு உரிமை இல்லையா?

மூன்றாவது, உண்மை சொல்லுகிறவனைக் காப்பாற்றுங்கள். ஒரு கிராமத்து நர்சு, "இந்த வாரம் காய்ச்சல் அதிகமாக இருக்கிறது" என்று சொன்னால், "ஊர்ப் பேரைக் கெடுக்காதே" என்று அதட்டாதீர்கள். ஊர்ப் பேரைக் காப்பாற்றப்போய்த்தான் ஊரையே பறிகொடுக்கிறோம்.

நான்காவது, நான் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். விசாரித்துப் பாருங்கள், படித்தவர்களைக் கேளுங்கள், சரி என்று பட்டால் கொள்ளுங்கள், தவறென்று பட்டால் எனக்குச் சொல்லித் திருத்துங்கள்.

மருந்தில்லாத நோயை அடக்கியது எது என்று ஆரம்பத்தில் கேட்டேன். நோயாளியை எண்ணினவனும், எண்ணினதை ஒளிக்காமல் சொன்னவனும், கேட்டபின் பொறுப்போடு நடந்துகொண்ட ஜனங்களும்தான் அடக்கினார்கள். மருந்து வருமுன்னும் மனிதனிடம் உண்மை என்ற ஆயுதம் உண்டு. அதை வைத்துக்கொண்டிருந்தும் எடுக்காதவன் நோயால் சாவதில்லை, பொய்யால் சாகிறான்.